யானை ஏறினாலும் நெளியாது

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீங்கள், அத்தை, உங்கள் மீசை மூவரும் சுகமா?

வேலையில் சேர்ந்துவிட்டேன். அகராதி அலுவலகம் என்றதும் நீங்கள் பளிங்கு மண்டபத்தைக் கற்பனை செய்திருப்பீர்கள். ஒரே ஒரு மாடி அறை. தலைக்கு மேல் மின்விசிறி இருக்கிறது. ஓடினால் சீட்டுகள் பறக்கும் என்பதால் அதை யாரும் போடுவதில்லை. ஆசிரியர் ஐயா, பிழை திருத்தும் அக்கா, நான் என மூன்று பேரும் வியர்த்துக்கொண்டே சொற்களுக்குப் பொருள் எழுதுகிறோம்.

எனக்குக் கொடுத்த முதல் சொல் ‘நெளிதல்’. தட்டையாக, நேராக இருந்த ஒன்று உருக்குலைந்து வளைந்துபோவது முதல் பொருள். புழுவைப் போல, பாதையைப் போல வளைந்து வளைந்து செல்வது இரண்டாவது. மனிதர்கள் கூச்சத்தில் உடம்பை முறுக்குவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வேண்டும். இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. வாக்கியம் யாரோ ஒருவர் வாய் திறந்து உண்மையிலேயே சொன்னதாக இருக்க வேண்டும். சொன்னவர் யார், எங்கே சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தச் சொல்லை ஒழுங்காக முடித்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம்.

பேச்சு என்றால் உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? உடனே அனுப்புங்கள்.

உங்கள் கடையில் பீரோ சுமக்கிற ஒட்டகம் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் கிளம்பிய அன்று என் இரும்புப் பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, “பாப்பா, உள்ள என்ன, உங்க மாமாவா?” என்று கேட்டாரே, அதை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 11

சொற்களின் சக்கரவர்த்தினியும் என் அக்கா பெற்ற ஒரே தலைவலியுமாகிய மருமகளுக்கு மாமன் எழுதுவது.

நலம். சாதாரண நலம் இல்லை. நான் இருக்கிற நலத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருமுனை டாக்டர், கிளினிக்கை மூடிவிட்டு மளிகைக்கடை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். உன் அத்தையும் நலம். அவள் என்னைத் திட்டுகிற குரலை வைத்துத்தான் பக்கத்துத் தெருவில் கடிகாரத்தைச் சரிசெய்கிறார்கள். மீசை நலம்.

சின்ன வயதில் நீ பதிலுக்குப் பதில் பேசும்போதெல்லாம் ‘அகராதி பிடிச்சவ’ என்று உன்னைத் திட்டினோம். கடைசியில் அகராதியே உன்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வாக்கு பொய்க்கவில்லை.

இதோ, பிடித்துக்கொள். “எங்க தெரு நெளியற நெளிசல்ல, எவனாவது நேரா நடந்து வந்தா அவன்தான் குடிச்சிருக்கான்னு அர்த்தம்.” இது ஒன்று. “அந்த நூடுல்ஸ் தட்டுல நெளிஞ்ச நெளிசலைப் பார்த்துட்டு பாம்பு ஒண்ணு கல்யாணம் பேச வந்துது.” இது இரண்டு. “மேனேஜர் முன்னால அவன் நெளிஞ்ச நெளிசல்ல சட்டை தானாத் துவைச்சுக் காஞ்சிடுச்சு.” இது மூன்று. போதுமா, மூட்டை மூட்டையாக அனுப்பவா?

ஆனால் இதெல்லாம் சில்லறை. உன் முதல் பொருளுக்கு என்னிடம் ஒரு வைரம் இருக்கிறது. நீ பாவாடை கட்டிக்கொண்டு கடைக்கு வந்த காலத்திலேயே உன் காதால் கேட்டது. பீரோவின் கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, வாடிக்கையாளரின் கண்ணுக்குள் பார்த்து, உன் மாமன் இருபது வருஷமாக முழங்குகிறானே, “யானை ஏறினாலும் நெளியாது!” இந்த ஒரு வாக்கியத்தால் விற்ற பீரோக்களை வரிசையாக நிறுத்தினால் பூமியைச் சுற்றிவந்து மீதி நிலாவில் நிற்கும். முதலாளி என்னை மகாராஜா என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ஆகவே அகராதியில் அந்த வாக்கியத்துக்குக் கீழே என் பெயரைப் பெரிய எழுத்தில் போட ஆவன செய்யவும். தங்க மையாக இருந்தால் நல்லது.

உன் வணக்கத்தை ஒட்டகத்திடம் சேர்த்தேன். “பாப்பா புஸ்தகம் வரட்டும், எத்தனை கட்டுன்னாலும் தூக்கறேன்” என்றான். அவன் மாறவே இல்லை. முதுகில் பீரோவோடு மாடிப்படி ஏறுவான், மூச்சு வாங்காது. இறக்கி வைத்ததும் தோளில் கிடக்கிற துண்டால் நாலு பக்கமும் துடைத்து, ஒரு நகக்கீறல்கூட இல்லை என்று காட்டிவிட்டுத்தான் குடிக்கத் தண்ணீர் கேட்பான். என் வாயும் அவன் முதுகும் இல்லாவிட்டால் இந்தக் கடை என்றோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த மின்விசிறியைப் போடச் சொல். சீட்டு பறந்தால் பிடித்துக்கொள்ளலாம், ஆள் பறந்தால் பிடிக்க முடியாது.

இங்ஙனம்,
பீரோ உலகின் பேரரசன், உன் மாமன்


ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பிழை திருத்தும் அக்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

தெரு, நூடுல்ஸ், சட்டை மூன்றையும் ஆசிரியர் ஐயா திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதை யாரும் சொல்லலம்மா. உங்க மாமா உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்கார்” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. ஆனால் யானைச் சீட்டைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். “இதுதாம்மா வாக்கியம். இதுல ஒரு கடையே இருக்கு” என்றார். ஏற்றுக்கொண்டார். முதல் பொருளுக்கு நீங்கள்தான், மாமா! பெயர் போடமாட்டார்கள், தொழில் மட்டும் வரும்.

அந்தத் தொழிலால்தான் எனக்கு ஒரு சங்கடம் ஆகிப்போனது. சேர்ந்த புதிதில் என் மாமா பீரோ கம்பெனி முதலாளி என்று இவர்களிடம் அளந்துவிட்டிருந்தேன். சீட்டில் பொய் எழுத முடியாதே. ‘பீரோக் கடை விற்பனையாளர்’ என்று எழுதி, அவர்கள் முன்னாலேயே கையெழுத்தும் போட்டேன். அக்கா எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். அதுதான் ரொம்ப வெட்கமாக இருந்தது. உங்களை நினைத்து இல்லை, மாமா. என்னை நினைத்து.

இரண்டாவது பொருளுக்கு இங்கே டீக்கடையிலேயே ஒன்று கிடைத்துவிட்டது. மூன்றாவது பொருளுக்கு யாராவது உண்மையாகச் சொல்லிக் கேட்டால் எழுதி அனுப்புங்கள். ஒட்டகம் அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லவும்.

அத்தையும் நீங்களும் சுகமாக இருக்க என் பிரார்த்தனை.

அக்கா மகள்


ஆகஸ்ட் 2

அன்பு மருமகளுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மாடிப்படியில் ஒரு பூனை என்னோடு போர் தொடுத்ததில் வலது கணுக்காலில் சின்னச் சுளுக்கு. பூனைக்குப் பலத்த சேதம். அதனால்தான் எழுதத் தாமதம். காலுக்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். கேட்காதே.

ஒரு சின்ன விஷயம். அந்த யானை வாக்கியத்தை எடுத்துவிடச் சொல். யோசித்துப் பார்த்தேன். யானைகளின் மனம் புண்படலாம். அவற்றுக்கும் சங்கம், தலைவர், தீர்மானம் எல்லாம் இருக்கும். கூட்டமாக உங்கள் மாடி அறைக்கு வந்துவிட்டால் மின்விசிறி போடவே தேவை இருக்காது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எடுத்துவிடு. அதற்குப் பதிலாக வேறு எதையாவது போட்டுக்கொள். தகரம், தட்டு, டப்பா என்று உலகத்தில் நெளிகிற பொருள்கள் எவ்வளவோ இருக்கின்றன.

மூன்றாவது பொருளுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நான் அப்படி எதுவும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமன்


ஆகஸ்ட் 10

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கால் எப்படி இருக்கிறது?

ஏற்றுக்கொண்ட சீட்டை எடுக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டுமாம். ‘யானைச் சங்கம்’ என்று எழுதினால் என்னைத்தான் எடுத்துவிடுவார்கள். உண்மையான காரணம் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன். இவ்வளவு ஆசையாகக் கொடுத்துவிட்டு ஏன் திருப்பிக் கேட்கிறீர்கள்?

எனக்குப் பூனை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னீர்களாம். எது?

மூன்று பக்கத்துக்குக் குறைந்து நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை. இந்தத் தடவை ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. ஒட்டகம் அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் சுகம்தானே?

பதிலை எதிர்பார்த்து,
அக்கா மகள்


செப்டம்பர் 5

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஊரிலிருந்து கிளம்பும்போதே கழுத்தெலும்பு தெரிந்தது.

மாமா பதிலே போடவில்லை என்று எழுதியிருந்தாய். அவன் ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டான். எல்லாம் அந்த ஒட்டகத்தின் விஷயம்தான். உனக்கு யாரும் எழுதவில்லையா? ஜூலையில் கணக்கு டீச்சர் ஒருத்தர் பீரோ வாங்கினார். அவர் வீட்டில் இறக்கிச் சாக்கைப் பிரித்துப் பார்த்தால் கதவு நடுவில் நெளிந்து குழி விழுந்திருந்ததாம். டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். வழியில் ஒட்டகம்தான் கீழே போட்டிருக்க வேண்டும் என்று முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அவன் “நான் போடல” என்று ஒரு வார்த்தை சொன்னானாம். அப்புறம் வாயைத் திறக்கவில்லையாம்.

அதிலிருந்து வேன் நிறுத்தத்தில் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவன் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ‘பீரோவைப் போட்டவன் பொண்டாட்டி’ என்று பின்னால் பேசுகிறார்களாம். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

கூட வேலை பார்த்தவன் போன துக்கத்தில் உன் மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே வாரத்தில்தான் காலையும் சுளுக்கிக்கொண்டான். ஒட்டகம் வீடு இருக்கிற தெரு வழியாகப் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறான். “நொண்டிக் காலை வச்சுக்கிட்டு ஏன்டா சுத்தறே?” என்று கேட்டேன். நொண்டிக்கொண்டே போய்விட்டான். எவ்வளவு இளகின மனசு பார் அவனுக்கு.

நீயாவது அவனுக்கு ஆறுதலாக நாலு வரி எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


செப்டம்பர் 12

மாமாவுக்கு,

வணக்கம். சுகம்.

அம்மா எழுதியிருந்தார். உங்களுக்கு ஆறுதல் சொல்லச் சொன்னார். எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

யானை வாக்கியத்தை ஏன் திருப்பிக் கேட்டீர்கள் என்று இனிமேல் கேட்கமாட்டேன். முதல் பொருளுக்கு இன்னொரு வெற்றுச் சீட்டு வைத்திருக்கிறேன். விதி உங்களுக்குத் தெரியும்.

அத்தைக்கு அன்பு.


செப்டம்பர் 30

மருமகளுக்கு,

நலம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், கவனித்திருப்பாய்.

பூனையும் இல்லை, சைக்கிளும் இல்லை. சொல்கிறேன்.

அன்று முதலாளி வெளியே போயிருந்தார். டீச்சரின் பீரோவைக் காலையில் எடுத்துப்போக வசதியாக, ஒட்டகம் அதைக் கடை நடுவில் சாக்கு விரித்து மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தப் புருஷன் தகட்டைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? முழங்கினேன். அந்த அம்மா அமைதியாகக் கேட்டார், “யானை எதுக்குங்க? நீங்க ஏறிக் காட்டுங்களேன்.”

இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை, மருமகளே. ஒருவரும்.

ஏறினேன். செருப்போடு ஏறினேன். டீச்சரின் பீரோக் கதவின் மேல் நின்றேன். நெளியவில்லை! அந்தக் கணத்தில் நான் இமயமலை உச்சியில் கொடி நட்டவன். அப்படியே இறங்கியிருந்தால் சரித்திரம் என்னைப் பாடியிருக்கும். ஆனால் அவர்கள் கைதட்டவில்லை. அதனால் ஒரு குதி குதித்தேன்.

‘டொம்’ என்று ஒரு சத்தம். கதவின் நடுவே ஒரு குளம். என் கால் அந்தக் குளத்துக்குள் மடங்கிக் கிடந்தது. “பாத்து இறங்குங்க” என்றார் அந்த அம்மா. இருவரும் போய்விட்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அவசர அவசரமாகச் சாக்கைப் போர்த்தி நானே கயிறு கட்டினேன். காலையில் ஒட்டகம், “என்ன அண்ணே, நீங்களே கட்டிட்டீங்க!” என்று சந்தோஷப்பட்டான். அவனுக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டான்.

இதுவரை செய்தது முட்டாள்தனம். வெட்கக்கேடு இனிமேல்தான் வருகிறது. பீரோ திரும்பி வந்த அன்று முதலாளி எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார், “மகாராஜா, கட்டறப்ப நல்லாத்தானே இருந்துது?” நான் சொன்னேன், “நல்லாத்தான் இருந்துது.” அவ்வளவுதான் சொன்னேன். வாயைத் திறந்தால் கடலை வற்றவைக்கிறவன், அன்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். ஒட்டகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் போல, வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். ‘பீரோக் கதவு நெளிஞ்சது என்னாலதான்.’ சொன்னவர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எங்கே என்பதற்கு ‘இந்தக் கடிதத்தில்’ என்று எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே. என்னை இளகின மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாமன்


அக்டோபர் 7

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மதியம் சாப்பிடவில்லை.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஆசிரியர் ஐயாவிடம் காட்டவில்லை. காட்டினாலும் செல்லாது. சொன்னவர் இல்லாத வாக்கியத்தை நாங்கள் எடுப்பதில்லை. எழுதி அனுப்பியதும் பேச்சு ஆகாது. யாரோ ஒருவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நான் இல்லை.

வெந்நீரில் காலை வையுங்கள். எனக்கு உங்கள் மேல் கோபம்தான். அதோடு பயமாகவும் இருக்கிறது. என் மாமா முதலாளி என்று அளந்தவள்தானே நானும். உங்கள் இடத்தில் நின்றிருந்தால் நானும் அதே இரண்டு வார்த்தையைச் சொல்லியிருப்பேனோ என்று.

அக்கா மகள்


நவம்பர் 4

அன்பு மருமகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அத்தை சுகம், பேசுவதில்லை. பக்கத்துத் தெருவில் கடிகாரங்கள் தாறுமாறாக ஓடுகின்றன.

உன் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் சும்மா அலைந்தேன். போன சனிக்கிழமை, கடையில் கூட்டம். முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம், “எங்க மகாராஜாவைக் கேளுங்க, தகடு எப்படின்னு சொல்லுவார்” என்றார். எல்லாரும் யானைக்காகக் காத்திருந்தார்கள். நான், “டீச்சர் பீரோ நான் ஏறினதுலதான் நெளிஞ்சுது. ஒட்டகம் மேல தப்பில்ல” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முதலாளி, “என்னது?” என்றார். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

குனிந்து என் காலைப் பார்த்தார். “எந்தக் காலால?” என்றார்.

“ரெண்டு காலாலயும்.”

“அவனை நிறுத்தறப்போ பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஆமாம்.”

“இனிமே யானை என் கடைக்குள்ள வரக்கூடாது” என்றார். அன்றிலிருந்து எனக்கு வேலை பின்கட்டில், பெயிண்ட் அடிக்கிற இடத்தில். தகட்டில் துரு தேய்க்கிறேன். பீரோக்களோடு மட்டும்தான் பேச்சு. அவை எதையும் நம்புவதில்லை.

முதலாளி ஒட்டகத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவன் வரவில்லை. நானே போனேன். ஊரைச் சுற்றாமல், அந்தத் தெரு வழியாகவே போனேன். ஒரு காகிதக் கிடங்கில் கட்டுகள் இறக்கிக்கொண்டிருந்தான்.

“ஒட்டகம், அன்னைக்கு அது நான்தான்” என்றேன்.

“தெரியும் அண்ணே.”

“எப்படித் தெரியும்?”

“டீச்சர் வீட்ல சாக்கைப் பிரிச்சா, கதவு நடுவுல செருப்புத் தடம். குதிகால் பக்கம் பிறை மாதிரி தேஞ்சிருந்துது. அப்படி ஒரு பக்கமாத் தேச்சு நடக்கறது ஊர்ல வேற யாரு? டீச்சர் கண்ணாடி எடுக்க உள்ள போனாங்க. துண்டால தொடைச்சிட்டேன்.”

“ஏன் தொடைச்சே? அதைக் காட்டியிருந்தா உன் மேல பழியே வந்திருக்காதே!”

“நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்” என்றான். அடுத்த கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டான். “கொஞ்சம் தள்ளுங்க அண்ணே, வழியில நிக்கறீங்க.”

தள்ளி நின்றேன். அவன் உள்ளே வைத்துவிட்டு வரும்வரை நின்று, கடைக்குத் திரும்பி வந்துவிடச் சொன்னேன். “இங்க கட்டறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் காட்டறாங்க அண்ணே” என்றான். ஒன்றே ஒன்று கேட்டான். அவன் பெண்டாட்டி காதில் அந்தப் பழி விழுந்த இடத்திலெல்லாம் போய் நான் சொல்ல வேண்டுமாம்.

அதனால் சீட்டில் ‘எங்கே’ என்ற இடம் எனக்குப் போதவில்லை. கடையில், வேன் நிறுத்தத்தில், டீச்சர் வீட்டு வாசலில், கடைத்தெருவில் அவன் மனைவி சாமான் வாங்குகிற ஒவ்வொரு கடையிலும், கடைசியாக உன் அம்மாவின் சமையலறையில். அக்கா கையிலிருந்த டம்ளரை என்னிடம் நீட்டாமல் மேடையில் வைத்தாள்.

சீட்டை இந்தத் தடவை முழுதாக நிரப்பியிருக்கிறேன். அந்த யானையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடச் சொல்.

மாமன்


நவம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டதாக அத்தை எழுதியிருந்தார். அவர் எழுதியது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இரண்டு சீட்டுகளையும் ஆசிரியர் ஐயாவின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முழுக்கதையும் சொன்னேன். முதல் சீட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். காரணமும் எழுதியே கொண்டுபோயிருந்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

“ரெண்டையும் அவர் வாயாலதானே சொன்னார்?”

“ஆமாம் ஐயா.”

“அப்ப எதை எடுக்கறது?” என்று கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். பக்கம் இப்படி வருகிறது, மாமா. அப்படியே எழுதுகிறேன்:

நெளிதல் (1): “யானை ஏறினாலும் நெளியாது.” பீரோக் கடை விற்பனையாளர், கடையில், வாடிக்கையாளரிடம்.

“நான் ஏறினதுலதான் நெளிஞ்சுது.” அதே ஆள், அதே கடையில், முதலாளியிடம்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. மூன்றாவது பொருளுக்கு மட்டும் இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று ஐயா சொல்லிவிட்டார்.

அக்கா மகள்


நவம்பர் 22

அன்பு மருமகளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். வேலை நிரந்தரமானதை அத்தையிடம் சொன்னேன். சிரித்தாள், என்னைப் பார்த்து இல்லை.

இரண்டும் இருக்கட்டும். பெயரைத் தங்க மையில் போடச் சொன்னவன் நான்தான். ‘அதே ஆள்’ என்று போட்டதே தாராளம்.

உன்னிடம் ஒரு பொய் மீதி இருக்கிறது. மூன்றாவது பொருளுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஆகஸ்டில் எழுதினேன். அப்போதே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். விதிப்படி எழுதி அனுப்புகிறேன். கேட்டவன் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

“ஏங்க, ஏன் இப்படி நெளியறீங்க? சாப்பிடுங்க.”

சொன்னவர்: பீரோக் கடைத் தொழிலாளியின் மனைவி.

எங்கே: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

எதற்காக: அப்போது அவளுக்குத் தெரியாது, அதனால் கேட்டாள். இப்போது தெரியும். கேட்பதில்லை.

மாமன்